நான் வரவழைத்த கள்ளக்கடல்

எனக்கு நீச்சல் தெரியாது. குளமோ ஆறோ கடலோ, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. இப்படிப்பட்ட நான்தான் இருபத்தாறு வயதில் ஒரு கடற்கரை ஊருக்குப் போய், கடல் ஏறி வந்தால் எப்படித் தப்பிப்பது என்று பாடம் எடுத்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து கேட்டவர்கள் எல்லாம் நடை பழகும் முன்பே அலையில் விழுந்து எழுந்தவர்கள். அதுகூடப் பரவாயில்லை, வெறும் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். நான் சொல்லிக் கொடுத்த பாடத்துக்கு நானே பரீட்சை வைத்தேனே ஒரு புதன்கிழமை, அதை நினைத்தால் இன்றும் காது மடல் சூடாகிறது.

நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த குடும்பம். அப்பாவுக்கு அங்கே சாலை என்ற பெரிய கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடற்கரைக்காரர்கள். நான் சுற்றுச்சூழல் பட்டம் வாங்கியதும், தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இயங்கிய சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடல்நீர் உயர்கிறது, கரை அரிக்கிறது, அதனால் கரையோர மக்கள் வெள்ளத்துக்கு முன்கூட்டியே திட்டம் போட வேண்டும், அதற்கு நாங்கள் உதவ வேண்டும். இதுதான் வேலை. நல்ல வேலைதான், கெடுத்தது நான்.

வேலை கிடைத்ததைச் சொன்னபோது அப்பா கயிறு அளந்துகொண்டிருந்தார்.

"மக்ளே, அவங்களுக்குப் போயி நீ கடலைப் பத்திச் சொல்லிக் குடுக்கப் போறியா?"

"கடலைப் பத்தி இல்லப்பா. காலநிலை மாற்றத்தைப் பத்தி."

"எல்லாம் ஒரே தண்ணிதானேட்டி" என்றார் அப்பா. அவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர் என்பதால் நான் அவரை மன்னித்துவிட்டேன். (அப்போது நான் நிறையப் பேரை மன்னித்துக்கொண்டிருந்தேன்.)

எனக்குக் கொடுத்தது நகரத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கரை. ஒரு தேவாலயம், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், கடலை ஒட்டி நெருக்கமாக வீடுகள். வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு சந்து, கரையிலிருந்து நேராகப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஏறும். நான் அந்த ஊரை வரைபடமாக வரைந்தேன். வெள்ளம் வரும் இடம் சிவப்பு, பாதுகாப்பான மைதானம் பச்சை, சந்து முழுக்க மேல்நோக்கி நீல அம்புகள். அலுவலகத்தில் அதைச் சுவரில் ஒட்டினார்கள். நான் டீ குடிக்கும்போதெல்லாம் அதன் எதிரே போய் நின்றுதான் குடிப்பேன்.

ஊர்க் கூட்டங்களைப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தேன், ஏனென்றால் அப்போதுதான் அலுவலக ஜீப் கிடைக்கும். கடலுக்குப் போன ஆண்கள் விடியும்போது திரும்பி, மீனை இறக்கிவிட்டு, அடித்துப்போட்ட மாதிரி தூங்கும் நேரம் அது. பெண்களில் பெரும்பாலோர் அந்த மீனைத் தலையில் சுமந்து சந்தைகளுக்குப் போய்விட்டிருப்பார்கள். ஆகவே என் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் கடலுக்குப் போவதை நிறுத்திய ஆண்கள், தேவாலய மதிலோரம் சீட்டாடுகிறவர்கள், மின்விசிறிக்காக வந்தவர்கள். நான் எது சொன்னாலும் தலையாட்டினார்கள். அறிக்கையில் "சமூகத்தின் முழு ஒப்புதல்" என்று எழுதினேன்.

ஆறாவதாக ஒரு தடவை வந்தவர் செலின் சேச்சி. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, சாலைச் சந்தையில் மீன் விற்கிறவர். அன்று மீன் சீக்கிரம் தீர்ந்துபோனதால் வெறும் கூடையோடு வந்து பின்னால் நின்றார். அவருடைய கணவர் லூர்தையன் ஆஜானுபாகுவான ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் அலை மீன்பிடி வள்ளத்தைக் கவிழ்த்ததில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கிறார். அவர்களுடைய வீடு கடல்சுவரை ஒட்டி முதல் வரிசையில் இருந்தது.

"மோளே, ஒரு சம்சயம்" என்றார். "நான் சந்தைல நிக்கும்போ கடல் கேறினா, இவரை ஆரு எடுக்கும்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல நான் திட்ட அறிக்கையில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். "ரெண்டு தன்னார்வலர்கள் இருக்காங்க சேச்சி. அவங்களுக்கு ஆரஞ்சு ஜாக்கெட்கூடக் குடுத்திருக்கோம். நீங்க நிம்மதியா மீன் விக்கலாம்."

"ரெண்டும் வள்ளக்காரப் பயலுகதானே? அவங்களுக்கு வள்ளம் இருக்கே."

"உயிர்தான் முதல், வள்ளம் ரெண்டாவது. அதையும் பயிற்சில சொல்லியிருக்கோம்."

செலின் சேச்சி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதை நான் "இதர கருத்துகள்" என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியில் எழுதி மறந்தும் போனேன்.

அடுத்தது மாக் ட்ரில், அதாவது வெள்ள ஒத்திகை. பணம் கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு மேடம் டெல்லியிலிருந்து வருகிறார், அவர் முன்னால் ஊரே மைதானத்துக்கு ஏறி வர வேண்டும். எங்கள் மேலதிகாரி ஜெயதேவன் சார் நல்ல மனுஷர், பயந்த சுபாவம். "ட்ரில்னு ஊருக்குத் தெரியுமில்ல?" என்று மூன்று தடவை கேட்டார். தெரியும் சார் என்றேன். ஐந்து பேருக்குத் தெரிந்திருந்தது. இந்த மாசம் ஏதோ ஒரு நாள் நடக்கும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். எந்த நாள் என்று சொல்லவில்லை. சொன்னால் அது நாடகம் ஆகிவிடும், உண்மையில் எத்தனை நிமிஷத்தில் வருகிறார்கள் என்று அளக்க முடியாது என்பது என் விஞ்ஞானம்.

அறிவிப்பை நானே என் குரலில் பதிவு செய்தேன். அந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்றிருக்காது, மழையிருக்காது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும், எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை திருடன்போல வந்து வீட்டுக்குள் ஏறிவிடும். அதனால் வானம் தெளிவாக இருந்தாலும் அந்தப் பேரைச் சொன்னால் நம்புவார்கள். "கள்ளக்கடல் எச்சரிக்கை. கடல் ஏறி வருகிறது. எல்லாரும் உடனே பள்ளிக்கூட மைதானத்துக்குச் செல்லவும்" என்று மலையாளத்தில் பேசி, தேவாலய ஒலிபெருக்கியில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்தேன். இது ட்ரில் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ஒலிபெருக்கியைத் தந்த அச்சனிடம் மைக் டெஸ்ட் என்று சொல்லியிருந்தேன். (ஆமாம், பாதிரியாரிடமே பொய் சொன்னேன். அதுவும் தேவாலயத்துக்குள் நின்றுகொண்டு.)

புதன்கிழமை பதினொரு மணி. விடுமுறையில் காலியாகக் கிடந்த மைதானத்தில் ஒரு பேனர், ஒரு சாமியானா, பத்து பெட்டி பிஸ்கட், டெல்லி மேடம், ஜெயதேவன் சார், கையில் ஸ்டாப் வாட்ச்சோடு நான். ஒலிபெருக்கியில் என் குரல் கிளம்பியது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, அவ்வளவு நன்றாகப் பேசியிருந்தேன்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. சந்திலிருந்து ஒரு ஆடு வந்தது. பேனரின் கயிற்றைக் கொஞ்சம் தின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

பத்து நிமிஷம். "முதியவர்களை முதலில் தயார் பண்ணுவார்கள்" என்று மேடத்துக்கு விளக்கினேன். பதினைந்து நிமிஷம். மேடம் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். "மக்கள் எங்கே?" என்று கேட்டார். ஜெயதேவன் சார் என்னைப் பார்த்தார். நான் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் புளுகுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனமும் கிடையாது.

முப்பதாவது நிமிஷம் மூவரும் சந்தில் இறங்கினோம். பாதி தூரம்கூடப் போக முடியவில்லை. எதிரே சந்தை அடைத்துக்கொண்டு ஒரு வள்ளம் நின்றது. கரையில் நிற்க வேண்டிய ஃபைபர் வள்ளம், இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டு, மூக்கை மேலே தூக்கியபடி நடுச் சந்தில் செருகிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்றாவது. என்னுடைய நீல அம்புகள் இருந்த இடத்தில் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வள்ளம் என்ற விகிதத்தில் நின்றன.

ஊரிலுள்ள ஆண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். தூக்கத்தில் எழுந்து ஓடி வந்தவர்கள், பலருக்கு இடுப்பில் லுங்கி மட்டும்தான். கயிற்றைத் தோளில் போட்டு, "இழு இழு" என்று கத்தி, வேர்வை வழிய இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் எஞ்சினைச் சுமந்து கூரைமேல் ஏற்றினார்கள். என் சீட்டாட்டக் கமிட்டி ஐந்து பேரும் உருளைக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ட்ரில் என்று தெரிந்தவர்களே! முதல் வள்ளத்தின் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருந்தார்கள்.

நான் வள்ளத்தின் இந்தப் பக்கம் நின்று கத்தினேன். "நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க? லூர்தையன் எங்க?"

அவர்களில் ஒருவன் மூச்சு வாங்கச் சொன்னான்: "மேடம், வள்ளம் போனா நாங்க எல்லாருமே போச்சு. இதைக் கேத்திட்டு அவரை எடுக்கலாம்னு... மாறுங்க மேடம், இடிச்சிரும்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடல் ஏறுகிறது என்று கேட்டால் அந்த ஊர் கடலை நோக்கித்தான் ஓடும். எப்போதும் ஓடியிருக்கிறது. வீடு போனால் பள்ளிக்கூட வகுப்பறையில் படுக்கலாம், வள்ளம் போனால் அடுத்த வேளைச் சோறு கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். சரியான ஆளிடம், அவர் விழித்திருக்கும் நேரத்தில். நான் கேட்கவில்லை. இப்போது கடல்சுவர் ஓரம் முதல் வரிசையில் ஒரு மனுஷன் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறார், அவருக்குச் சீக்கிரம் வெளியே வர இருந்த ஒரே வழியையும் என் அறிவிப்பு அடைத்துவிட்டது. கடல் உண்மையிலேயே ஏறியிருந்தால்? என் தலைக்கு மேலே, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, என் குரலே "உடனே மைதானத்துக்குச் செல்லவும்" என்று மிரட்டிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்த வேண்டும் என்று தேவாலயத்துக்கு ஓடினேன். வாசலில் அச்சன் ஜெபமாலையும் கையுமாக நின்று, கிழவர்களையும் குழந்தைகளையும் உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். "மோளே, கடல் எத்ர தூரம் வந்நு?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, ஊரைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு வரும் நீண்ட பாதையில் ஒரு தள்ளுவண்டி வந்தது.

ஐஸ் கட்டி ஏற்றும் வண்டி அது. அதில் லூர்தையன் கால்களைத் தொங்கப்போட்டுச் சாய்ந்திருந்தார். மடியில் ரேஷன் கார்டும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் இருந்த பிளாஸ்டிக் பை, ஒரு கையில் கால் கட்டிய கோழி. பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு செலின் சேச்சி. காலில் செருப்பில்லை. முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணியதும் சந்தையில் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் தேவாலயத்துப் பக்கமாக வந்து இறங்கி, சந்து அடைத்திருப்பதைக் கண்டு, வள்ளங்களின் மேல் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள ஆளை எப்படி அந்த வண்டியில் ஏற்றினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார். மூச்சு இறைத்தது.

"வந்தாச்சு மோளே" என்றார். "நீ சொன்ன எடத்துக்குக் கொண்டுவந்தாச்சு. எழுதிக்கோ."

அந்த ஊரில் என் திட்டத்தை நம்பி, நான் சொன்னபடியே மைதானத்துக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு குடும்பம்தான். அவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"சேச்சி... இது ட்ரில்."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். கடல் ஏறவில்லை, சும்மா, ஒத்திகை, எத்தனை நிமிஷத்தில் வருகிறீர்கள் என்று பார்ப்பதற்காக. சொல்லச் சொல்ல என் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. கழுத்தில் அந்த ஸ்டாப் வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எறியத்தான் தோன்றியது, அதற்குக்கூடக் கை வரவில்லை.

செலின் சேச்சி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆட்டோல வரும்போ முழுக்க நான் ஒண்ணுதான் நெனச்சேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "தண்ணி கேறி வர்றதைப் பாத்துட்டே இவரு தனியாக் கெடப்பாரேன்னு. அதொண்ணுதான்."

நான் அழுதேன். என் அழுகையை அங்கே யாரும் கேட்கவில்லை, அதனால் அதற்கும் வெட்கப்பட்டேன். லூர்தையன்தான் இரங்கினார். கோழியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "கரையாதே மோளே, அழாதே" என்றார். "ரெண்டு வருஷத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் நான் ஊரைச் சுத்திப் பாத்தேன்." அந்த மனுஷனின் நல்ல மனசு என்னை இன்னும் கொஞ்சம் கொன்றது.

அச்சன் என் கையில் மைக்கைக் கொடுத்தார். திட்டவில்லை. "நீ இட்ட பொய்யை நீயே எடு" என்றார். எடுத்தேன். ஒலிபெருக்கியில் இது ட்ரில் என்று நான் சொன்னதும், கீழே சந்தில் இருந்த சத்தம் ஒரேயடியாக நின்றது. அதற்குப் பிறகு எழும்பிய சத்தத்தை இங்கே எழுத முடியாது. கடற்கரை மலையாளத்தில் இத்தனை வசவுகள் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் நான் தகுதியானவள்தான். மேலே இழுக்க முக்கால் மணி நேரம் ஆன வள்ளங்களைக் கீழே இறக்கச் சாயங்காலம் ஆயிற்று. ஒரு வள்ளத்தின் அடி விரிந்திருந்தது, நாலு கயிறு அறுந்திருந்தது. செலின் சேச்சியின் மீனைப் பூனைகள் தின்றுவிட்டிருந்தன.

கயிறு வாங்க மறுநாள் அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். அப்பா கேட்ட கயிற்றை அளந்து கொடுத்துவிட்டு, முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் கேட்டார்.

"அந்த லூர்தையன் எங்கிட்ட இருவது வருஷமாக் கயிறு வாங்கினவன். அவன் கெடப்பாக் கெடக்கான்னு தெரிஞ்சுமா மக்ளே பண்ணினே?"

தெரிந்துதான் பண்ணினேன். அவருடைய பெயரை என் கையாலேயே தூக்கிக்கொண்டு வர வேண்டியவர்கள் பட்டியலில் எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பூசை முடிந்து ஊரே இருக்கும் நேரத்தில், வரைபடம் இல்லாமல் போனேன். ஜீப் கிடைக்கவில்லை, பஸ்ஸில் போனேன். மன்னிப்புக் கேட்டேன், கொஞ்ச நேரம் திட்டு வாங்கினேன், பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அந்த வாயை மூடியதுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களே திட்டத்தைப் போட்டார்கள். முதலில் வள்ளங்களைக் கட்ட மேட்டில் ஒரு இடம், அதற்குத் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த புதரை வெட்டினார்கள். சந்தில் வள்ளம் வரக்கூடாது. லூர்தையனைப்போல ஊரில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சந்தைக்குப் போகாத இரண்டு பெண்கள் பொறுப்பு, ஐஸ் வண்டி எப்போதும் செலின் சேச்சி வீட்டு வாசலில் நிற்கும். நான் எழுதிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் இது நிரந்தரக் கதை ஆகிவிட்டது. சாதம் வெந்துவிட்டது என்று நான் சொன்னால், "உள்ளதா, ட்ரில்லா?" என்று அப்பா கேட்பார். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொன்னபோதும் கேட்டார். பிரசவ வலி என்று நான் அலறியபோது, ஆட்டோ பிடிக்க ஓடிய என் கணவர் வாசலில் திரும்பி நின்று அதையே கேட்டார். (கதையை அவருக்குச் சொன்னது அப்பாதான்.) என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று சொல்லிவிட்டு, "உள்ளதுதாம்மா" என்று அவளாகவே சேர்த்துக்கொள்கிறாள். எல்லாரும் சிரிக்கிறோம், நானும்தான் சிரிக்கிறேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. கள்ளக்கடல், அந்தக் கரைக்கு. நான் அந்த வேலையை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. இருந்தாலும் கை நேரே செலின் சேச்சியின் எண்ணைத்தான் அழுத்தியது. "சேச்சி, கள்ளக்கடல் வருது. உடனே கிளம்புங்க."

மறுமுனையில் மீன் சந்தையின் இரைச்சல் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கேலியே இல்லாமல், மெதுவாகக் கேட்டார்:

"மோளே, உள்ளதோ?"

உள்ளதுதான், என் பிள்ளைமேல் சத்தியமாக உள்ளதுதான் சேச்சி என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டு, பொறுப்புக்காரப் பெண்களைக் கூப்பிட்டுவிட்டார். தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே லூர்தையன் மைதானத்தில் இருந்தார். ஆனால் நான் சொன்னதற்கும் அவர் நம்பியதற்கும் நடுவே சில விநாடிகள் வீணாயின. அவை நான் அந்த ஊருக்குக் கொடுத்தவை.